சாவுச் சங்கத்தில் கேட்ட பிள்ளை வரம்

எர்ணாவூரில் எங்கள் பிளாக்கில் மங்கையிடம் வழி கேட்டவர்கள் யாரும் சீக்கிரம் போய்ச் சேர்ந்ததில்லை. வழியைச் சொல்லிவிடுவாள். அதோடு விடமாட்டாள். யார் வீட்டுக்கு, என்ன விசேஷம், பையில் என்ன என்று வரிசையாகக் கேட்பாள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. சின்னப் பிள்ளை பொம்மையைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்குமே, அந்த மாதிரி. அதனால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நேரம்தான் போகும்.

அவளுக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. கப்பலில் வந்து சரக்கு இறக்கிய காலிப் பெட்டிகளை, மறுபடி சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் உள்ளே போய்ப் பெருக்கிக் கழுவிவிட வேண்டும். ஒரு பெட்டி எங்கள் வீட்டை விடப் பெரியது. கதவைத் திறந்ததும் மற்ற பெண்கள் மூக்கை மூடிக்கொள்வார்களாம். இவள் மட்டும் நன்றாக மோந்து பார்ப்பாளாம். இதில் காப்பிக்கொட்டை வந்தது, இதில் ரப்பர் வந்தது, இதில் என்னவோ மருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போவாளாம். மூலையில் ஒதுங்கிக் கிடப்பதைப் பொறுக்கி, புடவைக்கு மேலே போட்டிருக்கும் சட்டையின் பையில் போட்டு எனக்குக் காட்டக் கொண்டுவருவாள். ஒரு நாள் கருப்பாக ஒரு கொட்டை கொண்டுவந்தாள்.

"யக்கா, இது இன்னா ஊரு கொட்ட? துன்லாமா?"

"தெரியாதத வாய்ல போடாதமே."

"போட்டுட்டேன் யக்கா. கசக்குது. அதான் கேக்கறேன்."

அவள் வீட்டுக்காரர் செங்குட்டுவன். டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். துறைமுகத்துக்குள் போகிற லாரி வரிசை எண்ணூர் நெடுஞ்சாலையில் எவ்வளவு தூரம் நிற்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். போனால் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே தூங்கி, வரிசை நகரும்போது வருவார். பேச்சு குறைவு. மங்கை பேசுவதே இரண்டு பேருக்குப் போதும் என்று விட்டுவிட்டாரோ என்னவோ. அவர் புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவர். அவர்கள் வீட்டில் புத்தர் படம். எங்கள் வீட்டில் வடிவுடையம்மன் படம். நான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது மங்கை வந்து நின்று, "இந்தக் கையில இன்னாத்த வெச்சிகீது அம்மன்?" என்று கேட்பாள். நான் சொல்வேன். மறு வெள்ளிக்கிழமை இன்னொரு கையைப் பற்றிக் கேட்பாள்.

கல்யாணமான மறு வருஷம் அவளுக்கு ஒரு பிள்ளை தங்கியது. எட்டாம் மாதம் வயிற்றிலேயே துடிப்பு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் அவளை மயக்கத்தில் வைத்துத்தான் எடுத்தார்கள். துணியில் சுற்றிக் கொடுத்ததைச் செங்குட்டுவன் வாங்கி, ஒரு தோஸ்தை மட்டும் கூட்டிக்கொண்டு நேரே சுடுகாட்டுப் பக்கம் போய்ப் புதைத்துவிட்டு வந்தார். மங்கை கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை. நாங்களும் அவள் முன்னால் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

கொஞ்ச நாள் முன்னால் இரண்டு பேருமாக ஒரு டாக்டரம்மாவிடம் போய்வந்தார்கள். தண்ணீர்க் குடத்தை மாடிப்படியில் இறக்கி வைத்துவிட்டு மங்கை எனக்கு விளக்கிச் சொன்னாள்.

"முதல்ல ஊசி போடுவாங்களாம் யக்கா. டெய்லி. அப்போ முட்டைங்க வளருமாம். அப்பால அத்த வெளிய எடுத்து, இவரோடத்தையும் சேத்து, கண்ணாடிக் கிண்ணத்துல வெப்பாங்களாம். அங்கியே கரு புடிச்சிக்கும். அப்பால திருப்பி உள்ள வெச்சிடுவாங்க."

"கிண்ணத்த எங்க வெப்பாங்க?"

"நானும் அதத்தான் கேட்டேன். ஒரு பொட்டி கீதாம். ஃபிரிட்ஜ் மாரி. ஆனா குளிர் கெடையாது, வயித்து சூடு எவ்ளோவோ அவ்ளோ வெச்சிருப்பாங்களாம். நான் கேட்ட கேள்வில டாக்டரம்மா நாக்காலிய பின்னால நவுத்திக்கினாங்க."

எனக்கும் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. அஞ்சாம் கிளாசோடு நின்றவள் நான். கிண்ணத்துக்குள் உயிர் எந்த நேரத்தில் வந்து உட்காரும், அதற்கு வழி யார் காட்டுவார்கள் என்று யோசித்துக்கொண்டே அன்றைக்கு ரசத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். வயிற்றுக்குள் வழி தெரிந்த அம்மனுக்குக் கிண்ணத்துக்குள் வழி தெரியாமலா போகும் என்று கடைசியில் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வைத்தியத்துக்குப் பணம்தான் பெரிய மலையாக நின்றது. டாக்டரம்மா தன் பங்கைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம் என்றும் சொன்னார். ஆனால் ஊசி மருந்தை வெளியில் கடையில்தான் வாங்க வேண்டும். அதற்கு மட்டும் முழுப் பணமும் கையில் வேண்டும். "தள்ளிப் போடாத, முட்டை கொறஞ்சிகினே வருது, இன்னும் ரெண்டு மாசத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் உண்டு" என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். மங்கையின் கேள்விகள் எல்லாம் அப்போது அந்த ஒரு இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றன.

கேட்காத இடமில்லை. யார்டு கான்ட்ராக்டர் கையை விரித்தார். லாரி முதலாளி ஏற்கெனவே கொடுத்த முன்பணத்தை நினைவுபடுத்தினார். செங்குட்டுவனின் அத்தை, "அந்தக் காசுல ஒரு ஆட்டோ வாங்கினா அது சோறு போடும்" என்று புத்தி சொன்னார். ஒருத்தர் போனில் வீடியோ எடுத்துப் போட்டால் வெளியூர் ஜனமெல்லாம் உதவி செய்யும் என்றார். அதையும் செய்து பார்த்தார்கள். நான்தான் போனைப் பிடித்தேன்.

"அழுதுக்கினே பேசணுமாம் யக்கா. அப்போதான் காசு வருமாம்" என்றாள் மங்கை.

"சரி, அழுமே."

முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டாள். பக்கத்தில் செங்குட்டுவன் போட்டோவுக்கு நிற்பதுபோல விறைப்பாக நின்றார். அவரைத் திரும்பிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். மறுபடி எடுத்தோம், மறுபடி சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் வீடியோ போனது. பார்த்தவர்கள் பூப்படமும் கைகூப்பிய படமும் போட்டார்கள். காசு போட்டவர் யாரும் இல்லை.

எங்கள் பிளாக்கில் ஒரு சங்கம் உண்டு. பலகையில் குடும்ப உதவிச் சங்கம் என்று எழுதியிருக்கும். நாங்கள் சாவுச் சங்கம் என்றுதான் சொல்வோம். வீட்டுக்கு வீடு மாதம் ஒரு தொகை போடுவோம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சங்கத்துப் பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி, தவசிமுத்துவின் மேளம், பூப்பல்லக்கு எல்லாம் வரும். அந்த வீட்டார் கையில் ஒரு தொகையும் கொடுப்பார்கள். தலைவர் பரசுராமன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றும் செய்வோம். தவசிமுத்து பிளாக் வாசலில் நின்று அதுவரைக்கும் செத்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். ஒரு பெயருக்கு ஒரு அடி. அந்த வீட்டு ஆள் யாராவது "கீறோம்" என்று, அதாவது நாங்கள் இருக்கிறோம் என்று, குரல் கொடுக்க வேண்டும். குரல் வராத வீடு இதுவரைக்கும் கிடையாது. வெளியூரில் இருப்பவர்கள்கூடப் போனில் வந்து "கீறோம்" என்று கத்துவார்கள்.

ஐஸ் பெட்டியைக் கழுவுகிற வேலையை மங்கையாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். யார்டில் பழகிய கை. ஒரு நாள் அதைக் கழுவிக்கொண்டே பரசுராமனிடம் கேட்டிருக்கிறாள்.

"நைனா, இந்தப் பொட்டி ரொம்ப நாளா காலியா கீதே. இப்போலாம் யாரும் சாவறதில்லையா?"

"நல்லதுதான. உனுக்கு இன்னா வருத்தம்?"

"இல்ல, அப்போ காசு அப்டியே கீதா?"

"கீது."

"சும்மாவா?"

பரசுராமனுக்கு அவளைத் தெரியும். கேள்வி எங்கே போகிறது என்று புரிந்து, "ஞாயித்துக்கெயம கூட்டத்துல வந்து கேளு" என்று எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழே பந்தல் கழிகள் அடுக்கியிருக்கிற அறையில் கூட்டம். மங்கை மறைக்காமல் கேட்டாள். ஊசிக்கு மட்டும் போதும், வைத்தியம் முடிந்ததும் திருப்பித் தருகிறேன் என்றாள். செங்குட்டுவன் கதவோரம் நின்றார்.

முதலில் வாயைத் திறந்தது சிலுவையம்மாள். காசிமேட்டில் மீன் விற்றுக் கல்லானவர். ராயபுரம் மாதா கோயில் பக்கத்துக் குடும்பம், கல்யாணம் ஆகி இந்தப் பக்கம் வந்தவர். தன் சாவுக்கு டிரம்பெட் ஊதுகிற பேண்டு வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

"அய்ய! என் பூப்பல்லக்கு காசுல இவ புள்ள பெத்துக்கப் போறாளாம். நான் போவ சொல்ல என்ன பாயில சுத்தி இஸ்துகினு போவீங்களா?"

"நீ எங்க சிலுவக்கா போவப் போற? உன்ன இட்டுகினு போவ வர்றவன் உன்கிட்ட மீன் வெல கேட்டுட்டு பயந்து திரும்பிடுவான்" என்றாள் மங்கை.

அறை முழுக்கச் சிரிப்பு. சிலுவையம்மாளும் சிரித்துவிட்டு, "அடி கய்த" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தார். பரசுராமன் மட்டும் சிரிக்கவில்லை.

"இத பாரும்மா. இது சாவுச் சங்கம். பொணம் வுயிந்தா பொட்டி தொறக்கும், இல்லன்னா தொறக்காது. இன்னிக்கி உனுக்கு குட்த்தா நாளிக்கி ஒருத்தன் காதுகுத்துன்னு வருவான், இன்னொருத்தன் கண்ணாலம்னு வருவான். அப்பால நெஜமா ஒருத்தன் செத்தா நான் எங்க போவேன்? அதுவும் இல்லாம, சாவுக்குன்னு வெச்ச காசுல கொயந்த வர்றது நல்லதா சொல்லு."

எனக்கும் அது உறுத்தியது. பொய் சொல்லக் கூடாது. அந்தப் பணம் தொட்டிலுக்குப் போனால் தொட்டிலுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று ஒரு பயம். நான் குனிந்துகொண்டேன்.

அப்போது கதவோரத்திலிருந்து செங்குட்டுவன் பேசினார். கூட்டத்தில் அவர் குரலை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நைனா, எங்க வூட்ல ஒரு சாவு வுயிந்துச்சு."

யாருக்கும் சட்டென்று புரியவில்லை.

"மாசாமாசம் நாங்களும் காசு போட்டுக்கினுதான் இருந்தோம். அன்னிக்கி பந்தல் வர்ல. மேளம் வர்ல. ஒரு மால வர்ல. நான் கேக்கல. இப்போ கேக்கறேன்."

பரசுராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேசும்போது குரல் இறங்கியிருந்தது.

"பேர் வெக்காத கொயந்தைக்கு மேளம் கெடையாதுப்பா. உனுக்குன்னு பண்ணது இல்ல. எல்லா வூட்லயும் அப்டிதான். பேர் இருந்தாதான கூப்ட முடியும்? தவசி இன்னான்னு கூப்புடுவான், 'ஏ கொயந்த'ன்னா?"

"பேர் இருந்தா?" என்று கேட்டது சிலுவையம்மாள். பூப்பல்லக்குச் சண்டையை அவர் மறந்துவிட்டார் போலிருந்தது.

"பேர் இருந்தா அது சாவு. மேளம் அடிக்க சொல்றேன். கூப்ட்டு, வூட்டாளுங்க குரல் குட்த்தா, குடுக்க வேண்டியத எண்ணிக் குட்த்துடறேன். திருப்பிக்கூட தர வேணாம். அது அவங்களுக்கு சேர வேண்டிய காசு."

எல்லாரும் மங்கையைப் பார்த்தோம். செங்குட்டுவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் படியேறிப் போய்விட்டாள். மங்கை பதில் சொல்லாமல் போய் நான் பார்த்ததில்லை. அவரும் மறுநாள் விடியும் முன்னே வண்டி எடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் நான் மேலே போனேன். அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஒரு கை எடுத்தேன். கொஞ்ச நேரம் தலை கிள்ளுவதும் வால் கிள்ளுவதுமாகப் போனது.

"யக்கா, அது பொண்ணா புள்ளயான்னுகூட எனுக்குத் தெரியாது" என்றாள்.

கப்பலில் வந்த கொட்டையிலிருந்து அம்மன் கையில் இருக்கிற பூ வரைக்கும் கேட்டுத் தெரிந்துகொள்கிறவள், இதைக் கேட்டிருக்கவில்லை.

"அவர கேக்கலையா?"

"கேக்கல. கேட்டா ஒரு மூஞ்சி வந்துடும் யக்கா. மூஞ்சி வந்துட்டா அப்பால எப்டி வேலைக்கிப் போறது, எப்டி துன்றது? அதான் கேக்கவே இல்ல. அவரும் சொல்லல."

பிறகு இன்னொன்றும் சொன்னாள். வயிற்றில் பிள்ளை இருந்தபோதே அவள் மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள். பையனுக்கும் ஆகும், பெண்ணுக்கும் ஆகும், அப்படி ஒரு பெயர். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

"அந்தப் பேர இனிமே வரப் போறதுக்குன்னு பத்ரமா வெச்சிகீறேன். இப்போ அத்த செத்ததுக்கு குட்த்துட்டா, வருசா வருசம் தவசிண்ணன் அத கூப்ட்டு அடிப்பாரு. அப்பால பொறக்கறதுக்கு நான் இன்னாத்த வெக்கறது? வேற ஒரு பேர சும்மா சொல்லிடலாம். ஆனா காசுக்காக பொய்ப்பேர் சொன்ன மாரி ஆயிடும். அது பாவம் இல்ல?"

மீன் ஆய்ந்து முடிக்கும் வரைக்கும் இருந்துவிட்டு வந்தேன். அந்த வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் போய் அம்மன் முன்னால் நின்றபோது என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்கள். மங்கை என்று மட்டும் சொன்னேன்.

செங்குட்டுவன் லாரி வரிசையிலிருந்து வீடு வந்த அன்று சாயங்காலம் நான் மாடி நடையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கை கால் கழுவி வந்து வாசலில் உட்கார்ந்தார். மங்கை டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் குந்தினாள். நான் நகரப் போனேன். "இரு யக்கா" என்றாள். அப்புறம் அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"யோவ். பொண்ணா புள்ளயா?"

எதைக் கேட்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி டீயைக் கீழே வைத்தார்.

"பொண்ணு."

"முடி இருந்துச்சா?"

"நெறிய. கருகருன்னு."

"யார் மாரி?"

"மூக்கு உன்னுது. காது எங்கம்மா காது."

"இன்னா துணி சுத்துன?"

"ஆஸ்பத்திரி துணி மெல்லிசா இருந்துச்சு. என் சட்டய கயட்டி அதுக்கு மேல சுத்தினேன். நீல சட்ட."

"அதான்! அந்தச் சட்டய எவ்ளோ நாளு தேடினேன். கொடில இருந்து எவனோ அடிச்சிகினு போய்ட்டான்னு கீழ் வூட்டாண்ட சண்டலாம் போட்டேனேய்யா."

"தெரியும்."

"பனியனோடயா வூட்டுக்கு வந்த?"

"தோஸ்து சட்டய குட்த்தான்."

கேட்டுக்கொண்டே போனாள். எந்தப் பக்கம் புதைத்தார், பக்கத்தில் மரம் உண்டா, பூவரச மரம் என்றால் நிழல் விழுமா, கண் மூடியிருந்ததா. அவர் ஒவ்வொன்றுக்கும் சொன்னார். நான் கொடியிலிருந்து எடுத்த துணியையே திரும்பக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவராகவே ஒன்று சொன்னார்.

"அதுக்குப் பேர் கீது."

மங்கை நிமிர்ந்தாள்.

"குயி வெட்டினவரு கேட்டாரு. அவுரு எல்லாருகிட்டயும் கேக்கறதுதான், பயக்கத்துல கேட்டுட்டாரு. பேர் இன்னாப்பான்னு. நான் சொல்லிட்டேன். அவரு அந்தப் பேர சொல்லித்தான் மண்ணு தள்ளினாரு. அன்னிக்கி கூட்டத்துலயே சொல்லத்தான் வந்தேன். நீ ஏந்து போய்ட்ட."

"இன்னான்னு சொன்ன?"

"மங்கைன்னு."

"யோவ், அது என் பேருய்யா!"

"வேற ஒண்ணும் வாய்ல வர்ல. காலைலேர்ந்து ஆஸ்பத்திரில அந்த ஒரு பேரத்தான எல்லாராண்டயும் சொல்லிக்கினு இருந்தேன். மங்கைக்கு ரத்தம் வேணும், மங்கை எந்த வார்டு, மங்கை முயிச்சிட்டாளான்னு. அவரு கேக்க சொல்லவும் அதான் வந்துச்சு."

மங்கை சிரிக்க ஆரம்பித்தாள். அந்த வீடியோவில் சிரித்த மாதிரிதான் ஆரம்பித்தது. போகப் போக அது வேறாகி, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். நான் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். இரண்டு படி இறங்கியிருப்பேன். பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"யக்கா! அப்போ நான் வெச்சிகீற பேரு அப்டியே கீது!"

விஷயம் பரசுராமனிடம் போனபோது புதுச் சிக்கல் வந்தது. உயிரோடு இருக்கிறவள் பெயரைச் சாவு மேளத்தில் எப்படிக் கூப்பிடுவது? தவசிமுத்து மாட்டேன் என்று மேளத்தைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டார்.

"மங்க எதிர்ல நிக்கிறா. அவ பேரச் சொல்லி நான் அடிக்கிறதா? என் கை எயும்பாது நைனா. அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னத்தான் கேப்பாங்க."

"எங்க வூட்ல சகுனம் பாக்கறதில்லண்ணே. என் மவள கூப்புடுறீங்க, அவ்ளோதான்" என்றார் செங்குட்டுவன்.

"எனுக்குக் கேக்கணும்ண்ணே" என்றாள் மங்கை. "எப்டி கீதுன்னு."

பரசுராமன் இரண்டு பக்கமும் பார்த்தார். வழி சொன்னது சிலுவையம்மாள்தான்.

"அடிடா தவசி. தன் மேளத்த தானே கேட்டவ இந்த ஏரியாலயே கெடையாது. நான் பேண்டுக்கு சொல்லி வெச்சிகீறேன், அது எப்டி ஊதுவானுங்களோ, நல்லா ஊதுவானுங்களா டபாய்ச்சிடுவானுங்களான்னு எனுக்குத் தெரியப் போறதில்ல. அதான் எனுக்குப் பெரிய பேஜாரு. இவளாச்சும் கேட்டு சொல்லட்டும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பந்தல் போட்டார்கள். சின்னப் பந்தல்தான். நாற்காலிகள் வந்தன. ஐஸ் பெட்டிக்கு வேலையில்லை. ஆனாலும் கழுவித் துடைத்து ஓரமாக வைத்திருந்தாள் மங்கை. சாவு மாலையாக வாங்கக் கூடாது என்று சிலுவையம்மாள் மீன்கூடையில் மல்லிகைச் சரம் வைத்து எடுத்துவந்து, பந்தல் கழியில் தன் கையால் சுற்றினார். கூடையின் வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்து வந்தது. சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி பிளாக்கே வந்து நின்றது. ஒன்றிரண்டு பேர் வீட்டுக்குள்ளேயே இருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். மங்கைக்குத் தீங்கு வந்துவிடக் கூடாது என்று நான் முந்தானைக்குள் குங்குமப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தவசிமுத்து மேளத்தை மாட்டிக்கொண்டார். அவர் நெற்றியில் வியர்வை. தொண்டையைச் செருமினார்.

"மங்கை மவ மங்கை!"

ஒரு அடி. எப்போதும் அடிக்கிற அடி இல்லை. மெதுவாக, தூங்குகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி விழுந்தது.

வீட்டார் குரல் கொடுக்க வேண்டும். செங்குட்டுவன் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அதற்குள் மங்கை, "கீறேன்!" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற பிள்ளை மாதிரி, பளிச்சென்று. அப்புறம்தான் அவருக்குக் குரல் வந்தது.

"கீறோம்."

பரசுராமன் பணத்தை ஒரு மஞ்சள் பையில் வைத்து, சாவு வீட்டுக்குக் கொடுக்கிற மாதிரியே இரண்டு கையாலும் கொடுத்தார். செங்குட்டுவன் வாங்கிக்கொண்டார். யாரும் கை தட்டவில்லை. அது கை தட்டுகிற இடம் இல்லை. சிலுவையம்மாள் மட்டும் மங்கையின் கையைப் பிடித்து இழுத்தார்.

"எப்டி இருந்துச்சுமே?"

"நல்லாதான் கீது சிலுவக்கா. வயித்துல பட்ட மாரி இருந்துச்சு. நீ போறதுக்கு முன்னியே ஒருக்கா உன் பேண்ட வர சொல்லி கேட்டுடு."

"அட, ஆமா!" என்றார் சிலுவையம்மாள். நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று முகத்தில் தெரிந்தது. பரசுராமன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

எனக்கிருந்த உறுத்தல் அன்றைக்குப் போய்விட்டது. அக்கா போகும்போது வைத்துவிட்டுப் போன பணத்தில் அவள் பின்னால் தங்கை வரப் பார்க்கிறாள். தம்பியாகவும் இருக்கலாம். இதில் அம்மன் குறை சொல்ல ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஊசி மருந்து வந்துவிட்டது. குளிரில் வைக்க வேண்டுமாம். மங்கை வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. சங்கத்து ஐஸ் பெட்டியைத் தரட்டுமா என்று பரசுராமன் நல்ல மனசோடுதான் கேட்டார். நான் விடவில்லை. இப்போது என் ஃபிரிட்ஜ் கதவில், தோசை மாவுக்கும் கொத்தமல்லிக்கும் பக்கத்தில், மருந்து நிற்கிறது. கரண்ட் போனால் என் உயிரும் போய் வருகிறது. வேலை முடிந்து தினமும் சாயங்காலம் மங்கை வருவாள். ஊசி போடத் தெரிந்த நர்ஸ் பெண் ஒருத்தி கீழே குடியிருக்கிறாள், அவளும் வருவாள். மங்கை சட்டையைத் தூக்கிக்கொண்டு, ஊசியையே உற்றுப் பார்ப்பாள். கண்ணை மூடிக்கொள்கிறது நான்தான்.

"இப்போ இது எங்க போவும்? முட்டைக்கு எப்டித் தெரியும் வளரணும்னு?" என்று அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொள்வாள்.

வரப் போவது தங்குமா என்று யாருக்கும் தெரியாது. டாக்டரம்மாவும் தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரிந்துகொள்ள இன்னொன்றும் மிச்சம் இருக்கிறது. நேற்று அவள் சட்டையைச் சரிசெய்துகொண்டு கிளம்பும்போது கேட்டே விட்டேன்.

"மங்க, அந்த இன்னொரு பேர் என்னமே? என்கிட்ட மட்டும் சொல்லேன்."

அவளைக் கேள்வி கேட்டு ஒருத்தி நிற்கிறாள் என்பதே அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். படியில் பாதி ஏறி நின்று திரும்பிப் பார்த்தாள்.

"மேல இருந்து சத்தமா கூப்டுவேன் யக்கா. அப்போ கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.